மணிக்கு 8 வெள்ளி 72 காசு

மலேசியாவில் 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அது கட்டாயமானது. மணிக்கணக்கில் அது 8 வெள்ளி 72 காசு. கெடாவில் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் பெண்ணுக்கும், சுங்கை பட்டாணி உணவகத்தில் மங்கு கழுவும் பெண்ணுக்கும் இதற்குக் கீழே கொடுத்தால் முதலாளி குற்றவாளி. வீட்டு அடுப்படியில் முறுக்கு பிழிந்து விற்கும் பெண் மட்டும் தனக்குத்தானே எவ்வளவு குறைவாகவும் கொடுத்துக்கொள்ளலாம், கேட்பதற்கு ஆளில்லை. தொழில்முனைவர் பயிற்சி என்று எத்தனையோ நடக்கின்றன. அவற்றில் முதலில் சொல்லித்தர வேண்டியது இந்த ஒரு வரிக் கணக்கைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

ஓர் ஈடு முறுக்குக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். இதை மாதிரியாக வைத்துக்கொண்டு அவரவர் தங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். உள்நாட்டு வெள்ளரிசி 10 கிலோ 26 வெள்ளி. நமக்கு 5 கிலோ போதும், 13 வெள்ளி. உளுந்து ஒரு கிலோ 9 வெள்ளி. எண்ணெய் 3 கிலோ. 2 வெள்ளி 50 காசு மானியப் பாக்கெட் வீட்டுச் சமையலுக்கென்று கொடுப்பது. அதை நம்பி வியாபார விலை போடக் கூடாது. கிலோ ஆறரை வெள்ளி என்று கடை விலையே போடுவோம், 19 வெள்ளி 50 காசு. வெண்ணெய், எள், ஓமம், பெருங்காயம், உப்பு எல்லாம் சேர்த்து 10. மாவு அரைக்க 5. எரிவாயு 7. கால் கிலோ வீதம் 28 டப்பா வருமென்றால், டப்பா 70 காசு வீதம் 19 வெள்ளி 60 காசு. மொத்தம் 83 வெள்ளி 10 காசு.

டப்பா 6 வெள்ளிக்கு விற்றால் 168 வெள்ளி. போட்ட முதலைக் கழித்தால் 84 வெள்ளி 90 காசு கையில் நிற்கிறது. பெரும்பாலான வீடுகளில் கணக்கு இங்கேயே முடிந்துவிடும். “பாதிக்குப் பாதி லாபம்” என்று அக்கம் பக்கத்திலும் பேச்சு போகும்.

பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக்குக் கொண்டுபோகும் பெட்ரோலும் இடத்துக் காசும் 15 வெள்ளி என்று வைப்போம். மீதி 69 வெள்ளி 90 காசு. இனி உழைப்பு. அரிசி களைந்து நிழலில் உலர்த்துவது, உளுந்து வறுப்பது, மில்லுக்குப் போய் வருவது, பிசைவது, பிழிவது, அடுப்பு முன்னால் நின்று சுட்டெடுப்பது, ஆறவைப்பது, டப்பாவில் அடைத்து ஒட்டுவது, கடை போட்டு நிற்பது. பத்து மணி நேரம் என்பது கஞ்சத்தனமான மதிப்பீடு. சட்டப்படியான கூலியில் 87 வெள்ளி 20 காசு. இப்போது கழித்தால் 17 வெள்ளி 30 காசு நட்டம். பாதிக்குப் பாதி லாபம் என்று பேர் எடுத்த ஈட்டில் அந்தப் பெண் மணிக்கு 6 வெள்ளி 99 காசுக்கு உழைத்திருக்கிறாள். மங்கு கழுவப் போயிருந்தால் கூடக் கிடைத்திருக்கும்.

கூலியும் சேர்ந்து கட்ட வேண்டுமென்றால் டப்பாவின் அடக்க விலை 6 வெள்ளி 62 காசு. ஆக 7 வெள்ளிக்குக் கீழே விற்கக் கூடாது. 7 வெள்ளிக்கு விற்றால் எல்லாச் செலவும் கூலியும் போக 10 வெள்ளி 70 காசு தொழிலுக்கென்று நிற்கிறது. அதுவும் 28 டப்பாவும் விற்றால்தான். மூன்று டப்பா தங்கிவிட்டால், அல்லது மூன்று பேர் “அடுத்த வாரம் தர்றேங்கா” என்று சொல்லிப் போய்விட்டால், 10 வெள்ளி 30 காசு நட்டம். கைக்கடக்கமான 555 நோட்டு கெடாவில் எந்தப் பெட்டிக் கடையிலும் கிடைக்கும். நம் பெண்கள் அதில் யார் எவ்வளவு பாக்கி என்று அழகாக எழுதி வைக்கிறார்கள். ஆனால் அந்த நோட்டில் எழுதுபவருடைய மணிக்கணக்குக்கு ஒரு பக்கமும் கிடையாது.

வீட்டில் சும்மா இருக்கும் நேரம்தானே என்று சிலர் கேட்பார்கள். தோட்ட வரலாறு தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். 1920களின் இறுதியில் மலாயாவில் இந்தியத் தொழிலாளருக்குத் தரச் சம்பளம் நிர்ணயித்தபோது ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் ரப்பர் விலை சரிந்ததும் அது 40 காசும் 32 காசுமாக இறங்கியது. ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்கு என்பது அநியாயம்தான். ஆனாலும் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, வாளி சுமந்த பெண்ணின் உழைப்புக்கு வெள்ளைக்காரத் துரை கூட ஒரு விலை எழுதினான். அவளுடைய பேத்தி சொந்தத் தொழில் தொடங்கும்போது அந்த விலையைப் பூச்சியம் என்று எழுதுகிறாள். எனக்குப் பொறுக்க முடியாதது இதுதான்.

பேத்தி ஏன் சொந்தத் தொழிலுக்கு வந்தாள் என்பதற்கும் காரணம் உண்டு. கெடாவில் இந்தியர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பேர். அதில் பெரும்பகுதி கோல மூடா, கூலிம் மாவட்டங்களில். பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கோல கெட்டில் என்று ஊர்ப் பெயர் சொன்னாலே எந்தத் தோட்டம் என்ற அடுத்த கேள்வி வரும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்பானது. லயத்துக் குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. தோட்டத்தில் வீடும் தண்ணீரும் சம்பளத்தோடு சேர்ந்தவை; பிள்ளை பார்க்க ஆயாக் கொட்டகை இருந்தது. பட்டணத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித் தனிப் பில். நாட்டில் வேலைக்குப் போகும் வயதுப் பெண்களில் 56 விழுக்காட்டினர்தான் உழைப்புச் சந்தையில் இருக்கிறார்கள். ஆண்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல். பிள்ளையையும் பார்த்துக்கொண்டு காசும் சம்பாதிக்க வேண்டிய பெண்ணுக்கு வீட்டு அடுப்பும் தையல் மெசினும்தான் கைக்கு எட்டுகின்றன.

அடுத்தது கடன். இங்கேதான் எண்கள் ஆளை ஏமாற்றும். அமானா இக்தியார் மலேசியா 1987இல் தொடங்கிய அறக்கட்டளை. அதற்கு முந்திய ஆண்டு சிலாங்கூரின் வடமேற்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வங்காளதேச கிராமீன் முறையைச் சோதித்துப் பார்த்ததிலிருந்து பிறந்தது. ஐந்து பேர் கொண்ட குழு, வாராந்திரக் கூட்டம், வாராந்திரத் தவணை. 2024இல் இந்தியப் பெண்களுக்கென்றே ‘பெண்’ என்ற திட்டத்துக்கு இதில் 5 கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். 1998இல் தொடங்கிய தெக்குன் நேஷனலில் இந்தியத் தொழில்முனைவருக்கு ‘ஸ்பூமி’ கடன் இருக்கிறது. பணம் இருக்கிறது என்பதில் ஐயமில்லை, வரவேற்க வேண்டியதும்கூட. அதன் விலை என்ன என்று படிக்கத் தெரிகிறதா என்பதே என் கேள்வி.

5,000 வெள்ளியை 10 விழுக்காடு கட்டணத்தோடு 50 வாரத்தில் திருப்பிக் கட்டுவதாக வைப்போம். மொத்தம் 5,500, வாரம் 110 வெள்ளி. நூற்றுக்குப் பத்துதானே என்று தோன்றும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே அசல் குறைந்துகொண்டு போகிறது. ஆண்டு முழுக்கச் சராசரியாக அவள் கையில் இருப்பது 2,550 வெள்ளிதான். 2,550க்கு 500 வெள்ளி என்றால் உண்மையான விலை இருபது விழுக்காட்டை ஒட்டி வருகிறது. 4 விழுக்காடு என்று அறிவிக்கும் கடனிலும் இதே கதை. 10,000 வெள்ளியை ஐந்தாண்டில் கட்ட, மாதம் 200 வெள்ளி, மொத்தம் 12,000. உண்மையான வீதம் ஏழரை விழுக்காட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். அடகுக் கடையில் சட்டம் அனுமதிக்கும் உச்ச வட்டி மாதம் 2 விழுக்காடு, ஆண்டுக்கு 24. உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரர் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. உரிமமில்லா வட்டிக்காரரான ஆலோங் மாதம் நூற்றுக்குப் பத்து கேட்டால், 1,000 வெள்ளிக்கு ஓராண்டில் வட்டி மட்டும் 1,200. அசல் அப்படியே நிற்கும். இந்த ஐந்து எண்களையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பெண், சங்கிலியை எப்போது அடகு வைப்பது, எப்போது குழுக் கடன் எடுப்பது என்பதைத் தானே முடிவுசெய்வாள்.

‘கூட்டு’ கட்டும் பழக்கத்தையும் இந்தத் தாளில் சேர்க்கத்தான் வேண்டும். பத்துப் பேர் மாதம் 100 வெள்ளி போட்டு, சீட்டுக் குலுக்கி ஒருவர் 1,000 எடுப்பது. அதில் வட்டி இல்லை, நம்பிக்கைதான் மூலதனம். ஆனால் கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பிடித்தவர் ஓடிவிட்டால், இழந்த பணத்தை மீட்பது பெரும்பாடு.

வாரம் 110 வெள்ளித் தவணையை முறுக்குக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு ஈடு, 20 மணி நேரம். 6 வெள்ளி விலையில் கையில் நிற்பது 139 வெள்ளி 80 காசு. தவணை போக 29 வெள்ளி 80 காசு. மணிக்கு 1 வெள்ளி 49 காசு. 7 வெள்ளி விலையில் 195 வெள்ளி 80 காசு, தவணை போக 85 வெள்ளி 80 காசு. டப்பாவுக்கு ஒரே ஒரு வெள்ளி வித்தியாசம். வீட்டுக்கு வருவது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இந்த 110இல் 10 வெள்ளிதான் உண்மையில் செலவு. 100 வெள்ளி அசல். கடன் காசில் மாவு பிசையும் இயந்திரமும் நல்ல அடுப்பும் வாங்கியிருந்தால் அந்த நூறு வாரா வாரம் அவள் சொத்தாக மாறிக்கொண்டிருக்கும். கணவரின் மோட்டார் சைக்கிளுக்கோ மகனின் கல்லூரிச் சேர்க்கைக்கோ போயிருந்தால், இல்லாத இயந்திரத்துக்கு அவள் ஓராண்டு முழுக்க முறுக்கு சுட்டுத் தவணை கட்டுவாள்.

இது கற்பனைப் பயம் இல்லை. இலங்கையின் தென் மேற்குக் கரையில் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கன்சி, கிறிஸ்டபர் வுட்ரஃப் மூவரும் சிறுதொழில்களுக்கு 10,000, 20,000 ரூபாய் என்று இனாமாகவே கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்கள் தொழிலில் லாபம் கூடியது. பெண்கள் தொழிலில் சராசரியாக எதுவும் கூடவில்லை. பெண்களுக்குத் தொழில் தெரியாது என்று பலர் அவசரப்பட்டு எழுதினார்கள். 2019இல் எரிக்கா ஃபீல்டும் ரோகிணி பாண்டேயும் உடன் ஆய்வாளர்களும் அதே தரவுகளை இந்தியா, கானா தரவுகளோடு சேர்த்து மறுபடி பார்த்தபோது காரணம் வெளியே வந்தது: வீட்டில் கணவருக்கும் ஒரு தொழில் இருந்தால் பெண் பெயரில் வந்த பணம் அங்கே போய்விடுகிறது. அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் தொழில் செய்கிறாள் என்றால் அவளுடைய லாபமும் ஆண்களுக்கு இணையாகவே கூடுகிறது.

பயிற்சி மட்டும் போதுமா? அதற்கும் இலங்கையிலேயே விடை உண்டு. கொழும்பு, கண்டி வட்டாரங்களில் ஏற்கெனவே தொழில் செய்யும் பெண்களுக்கு வெறும் பயிற்சி கொடுத்ததில் லாபம் உயரவில்லை. பயிற்சியோடு 15,000 ரூபாயும் கொடுத்தபோது முதல் சில மாதம் லாபம் உயர்ந்தது. இரண்டாம் ஆண்டில் அது கரைந்துவிட்டது. புதிதாகத் தொடங்க நினைத்த பெண்களுக்கோ பயிற்சி நன்றாகவே உதவியது. சீக்கிரம் தொடங்கினார்கள், பின்னாளில் லாபமும் கூடியது. டொமினிக்கன் குடியரசில் சிறு வியாபாரிகளுக்கு இரண்டு விதப் பாடம் நடத்தினார்கள். முறையான கணக்கியல் படித்தவர்களிடம் பெரிய மாற்றமில்லை. ‘கடைக் காசுக்கு ஒரு டிராயர், வீட்டுக் காசுக்கு ஒரு டிராயர்’ என்பது போன்ற எளிய விதிகளைக் கற்றவர்கள் கணக்கை ஒழுங்காக வைத்தார்கள். டோகோவில் 1,500 தொழில்களில் சோதித்தபோது, தானாக முன்வந்து வாய்ப்புத் தேடும் மனப்பாங்குப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 விழுக்காடு உயர்ந்தது. வழக்கமான வணிகப் பயிற்சி அந்த அளவுக்குப் பலிக்கவில்லை. கென்யாவில் 3,537 பெண்களிடம் உலகத் தொழிலாளர் அமைப்பின் ஐந்து நாள் பாடத்தைச் சோதித்தார்கள். மூன்றாண்டு கழித்தும் லாபம் 15 விழுக்காடு கூடுதலாக நின்றது. இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் 2021இல் மெக்கன்சி தொகுத்துச் சராசரி எடுத்தார்: விற்பனை 4.7 விழுக்காடும் லாபம் 10.1 விழுக்காடும் உயர்வு.

எனக்கு மிகப் பிடித்தது அகமதாபாத் சேவா வங்கியில் நடந்தது. இரண்டு நாள் பயிற்சிதான். சிலரைத் தனியாக வரச் சொன்னார்கள். சிலரைத் தோழியைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். தோழியோடு வந்தவர்கள்தான் பிறகு தொழிலுக்குக் கடன் எடுத்தார்கள், வியாபாரத்தைப் பெருக்கினார்கள், குடும்ப வருமானமும் கூடியது. பெண்களுக்குக் கட்டுப்பாடு அதிகமுள்ள சமூகங்களில் இந்தப் பலன் இன்னும் கூடுதல். ஒரே லயத்தில் வளர்ந்த தோழிகள் சுங்கை பட்டாணியில் இன்று ஒரே புளோக்கில் இருக்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேண்டுமா?

இலவசப் பயிற்சிக்கும் விலை உண்டு. இரண்டு நாள் வகுப்பு என்றால் 16 மணி. பெண்ணின் பக்கத்தில் செலவு 139 வெள்ளி 52 காசு, அத்தோடு பஸ் காசு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள். ஐந்து நாள் வகுப்பு என்றால் 348 வெள்ளி 80 காசு. வரவுப் பக்கம்: வாரம் 139 வெள்ளி 80 காசு வீதம் 50 வாரத்துக்கு 6,990 வெள்ளி. அதில் பத்து விழுக்காடு உயர்ந்தால் 699. பதினைந்து என்றால் 1,048 வெள்ளி 50 காசு. முதல் ஆண்டிலேயே செலவு திரும்பிவிடுகிறது. ஆனால் வகுப்பு அலோர் ஸ்டாரில் ஹோட்டல் மண்டபத்தில், வேலை நாளில், புரியாத மொழியில் நடந்து, சாப்பாடும் சான்றிதழும் கொடுத்து அனுப்பினால் வரவுப் பக்கம் எதுவும் ஏறாது. அப்படி நடந்தவை ஏராளம்.

கெடாத் தோட்டத்து மக்களுக்குப் பணக் கணக்கு புதிதில்லை. 1946, 47இல் பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் எழுந்த தொண்டர் படை கள்ளுக் கடைகளை எதிர்த்தது. கூலி வீட்டுக்கு வந்து சேர வேண்டும் என்பதும் அந்தப் போராட்டத்துக்குள் இருந்தது. தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி, மாதம் 10 வெள்ளித் தவணை. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி, அந்தப் பத்துப் பத்து வெள்ளியைத் திரட்டி, சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். அவர் மறைவுக்குப் பிறகு சங்கத்தின் தலைமையை ஏற்று நடத்தியவர் ஒரு பெண், தோ புவான் உமா சம்பந்தன். மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டம் வாங்கிய சமூகத்துக்கு அடக்க விலை சொல்லித்தர முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன்.

சில சிறு எண்களையும் சொல்லிவிடுகிறேன். சொந்தப் பெயரில் வியாபாரம் பதிய மலேசிய நிறுவனப் பதிவகத்தில் ஆண்டுக்கு 30 வெள்ளி. வேறு பெயர் வைத்தால் 60. ஆண்டுக்கு நூறு ஈடு போடுபவருக்கு அது ஈட்டுக்கு 60 காசு. பதிவு இல்லாமல் அரசுக் கடனும் வராது, பெரிய ஆர்டரும் வராது. சுயதொழில் செய்பவர் ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பின் ‘ஐ-சாரான்’ திட்டத்தில் போடும் பணத்துக்கு அரசு 20 விழுக்காடு சேர்க்கிறது, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை. வாரம் 10 வெள்ளி போட்டால் ஆண்டில் 520. அரசு தருவது 104. தோட்டத்தில் பாட்டிக்கு 1951இலிருந்து இபிஎஃப் இருந்தது; வீட்டுத் தொழில் செய்யும் பேத்திக்கு அவள் கேட்டால்தான் உண்டு. கடனில் சிக்கியவர்களுக்கு 2006இல் பேங்க் நெகாரா தொடங்கிய ஏகேபிகே இலவசமாக ஆலோசனை தருகிறது.

‘பெண்’ திட்டத்தின் 5 கோடி வெள்ளியை ஆளுக்கு 5,000 என்று பிரித்தால் பத்தாயிரம் பெண்கள். அதில் நூற்றுக்கு இரண்டு வெள்ளியைப் பயிற்சிக்கு எடுத்து வைத்தால் பத்து லட்சம். ஆளுக்கு 100 வெள்ளி. பேருந்துக் காசு, பிள்ளை பார்ப்பவருக்குச் சம்பளம், ஒரு கால்குலேட்டர், ஒரு நோட்டு, பாடம் நடத்துபவருக்குச் சன்மானம் எல்லாம் அதற்குள் அடங்கும். கெடாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. வார விடுமுறையான வெள்ளி, சனிக்கிழமைகளில் மண்டபம் காலியாகத்தான் கிடக்கிறது. கோயில் மண்டபங்களும் உண்டு. பீடோங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது, சிந்தோக்கில் வட மலேசியப் பல்கலைக்கழகம். அங்கே கணக்கியல் படிக்கும் நம் பிள்ளைகளே தமிழில் சொல்லித்தரலாம். கணவரையும் ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். பணம் எங்கே போகிறது என்ற கணக்கு இருவருக்கும் பொது.

திட்டம் போடுபவர்களிடம் நான் கேட்பது இவைதான். காசோலை கொடுக்கும் முன்னால் அடக்க விலைக் கணக்கை அவர் கையாலேயே எழுத வையுங்கள். தோழியோடு வரச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு முறை வீட்டுக்குப் போய் நோட்டைப் பாருங்கள். எத்தனை பேர் வகுப்புக்கு வந்தார்கள் என்பதைவிட எத்தனை பேர் விலையை மாற்றினார்கள் என்று அறிக்கையில் எழுதுங்கள். தீபாவளிக்குப் பலகாரம் வாங்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அக்காள் 7 வெள்ளி என்று சொன்னால் 6க்குக் கேட்காதீர்கள், கடன் சொல்லாதீர்கள், ஆர்டர் கொடுக்கும்போதே பாதிப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.